வலது விலாவுக்குக் கீழே

வலி இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம், விலா எலும்பு முடிகிற ஓரம். நெஞ்சுக்குழியில் விரலை வைத்து அந்த ஓரத்தோடு சரிவாக இறங்கி வந்தால், பக்கவாட்டில் திரும்புவதற்குச் சற்று முன்னால் ஓர் இடம் வரும். அங்கேதான். ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். சில நாள் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராது. சில நாள் முதுகு வரை பட்டையாக இழுக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு. என்னுடையது அந்த எல்லையைத் தாண்டி வருஷங்கள் ஆகின்றன. ஏன் வலிக்கிறது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் கணக்கு டீச்சர். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் சுள்ளென்று ஓர் இழுப்பு வரும். அதனால் என் வகுப்பில் எல்லாக் கணக்கும் போர்டின் நடுவிலிருந்துதான் தொடங்கும். மேலே தேதியும் வருகை எண்ணிக்கையும் எழுதுவது லீடரின் பொறுப்பு. கோலம் போட்டுவிடலாம், போட்டு முடித்து நிமிரும்போதுதான் தெரியும். டவுன் பஸ்ஸில் கடைசி சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன், வேகத்தடையில் தூக்கிப்போடும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே கை தானாகப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என் மகள் ஒரு நாள் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிவிட்டு, "எல்லா போட்டோலயும் உன் கை அங்கயே இருக்கும்மா" என்றாள். பார்த்தால், ஆமாம்.

டாக்டரிடம் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளாடையின் கீழ்ப்பட்டை சரியாக அந்த ஓரத்தில்தான் அழுத்தும். மேலே அது, கீழே பாவாடை நாடா, நடுவில் இந்த வலி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து புடவையை அவிழ்த்து நைட்டிக்கு மாறுகிற நேரம்தான் பல நாள் எனக்கு நாளிலேயே நல்ல நேரம். இதை நான் சொல்லாதவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. சொன்ன பிறகு ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் எண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாத நாள் உண்டு. வெறும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார முடியாமல் போன நாளும் உண்டு. நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். எந்த வரிசையும் அகப்படவில்லை.

அந்த இடத்துக்கு உள்ளே இருப்பது ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம். கல்லீரல், அதன் அடியில் பித்தப்பை, பக்கத்தில் சிறுகுடலின் தொடக்கம், பெருங்குடலின் வளைவு, பின்னால் வலது சிறுநீரகம், மேலே உதரவிதானம், அதற்கு மேல் நுரையீரலின் உறை. தெருவில் நின்று கேட்டால் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரியாது. உள்ளுறுப்புகளுக்கு வலி நரம்புகள் குறைவு. கல்லீரலின் உட்சதைக்கு வலி தெரியவே தெரியாது, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் தெரியும். போதாததற்கு, உள்ளுறுப்பிலிருந்து வரும் நரம்பும் மேல்தோலிலிருந்து வரும் நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. பித்தப்பையில் கல் இருப்பவருக்கு வலது தோள்பட்டை வலிப்பது இப்படித்தான். ஆகவே, டாக்டர்களுக்கு இது லேசான இடம் இல்லை. அந்த நியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன்பே வீட்டில் காரணங்கள் தயாராக இருந்தன. அம்மாவுக்கு அது வாய்வு. ஓமத்தண்ணீர், பூண்டைச் சுட்டுத் தின்பது, பெருங்காயம் கரைத்த மோர். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அது பித்தம். காலையில் இஞ்சிச்சாறும் தேனும். பக்கத்து வீட்டு மாமி கடுகு, மிளகாய், உப்பு சுற்றிப் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, ஆகவே திருஷ்டிதான் என்று முடிவானது. சித்த மருத்துவர் ஒருவர் நாடி பார்த்துவிட்டு குன்மம், அதாவது நாள்பட்ட வயிற்று நோய், என்றார், சூரணம் கொடுத்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டுக்கொண்ட நேரத்தை ஸ்கேன் சென்டர்களில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காலால் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அது முதுகுக்கும் இடுப்புக்கும்தான். விலாவுக்கும் ஆகும் என்று பெரியம்மா தீர்மானித்து, தெருக்கோடியில் இருக்கும் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிளஸ் டூ படிக்கிறவன். என் மாணவன். "மிஸ், நான் சும்மா லேசா தொடுறேன் மிஸ்" என்று அவன் நெளிந்த நெளிப்பில் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பிலேயே வலி இரண்டு மடங்கானது.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். திருச்சியில் மருத்துவம் என்றால் தில்லைநகரும் புத்தூரும். குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு கிளினிக், லேப், ஸ்கேன், மருந்துக்கடை. சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். முதலில் வயிற்று ஸ்கேன். வெறும் வயிற்றோடு போய்ப் படுத்து, ஜில்லென்ற ஜெல்லைத் தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்க." கல் இல்லை. ஆனால் "ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று." நாற்பதைத் தாண்டிய யாரைப் படுக்க வைத்தாலும் இந்த வரி வரும் போலிருக்கிறது. எல்லோருக்கும் பெரிய நிம்மதி, காரணம் கிடைத்துவிட்டது. நடந்தேன், எண்ணெயைக் குறைத்தேன், இட்லியை எண்ணித் தின்றேன். எடை குறைந்தது. அடுத்த ஸ்கேனில் கொழுப்பும் போயிருந்தது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் கேமரா டெஸ்ட். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, குழாயை விட்டு, "லேசான ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்." இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி. அதுவும் பலருக்கு வருகிற வரிதான். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச் பைலோரி கிருமி இல்லை. காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாதக்கணக்கில் சாப்பிட்டேன். நெஞ்சு எரிச்சல் இருந்திருந்தால் கேட்டிருக்கும், எனக்கு அது இருந்ததே இல்லை. அப்புறம் சிடி, மருந்து ஏற்றும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று ஒரு பயம். அப்புறம் எம்ஆர்சிபி, பித்தக் குழாய்களைப் பார்க்கிற எம்ஆர்ஐ. கல்லீரல் என்சைம், கணைய என்சைம், எல்லாம் நார்மல்.

காப்பீடு இருந்தது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம், வெளிநோயாளியாக எடுக்கும் டெஸ்டுக்குக் கிடையாது. "ஒரு நாள் அட்மிட் ஆகிடுங்க மேடம், எல்லாத்தையும் க்ளெய்ம் பண்ணிடலாம்" என்று ஒரு கவுண்டரில் யோசனை சொன்னார்கள். வலிக்கிறவளை இல்லாத நோய்க்குச் சேர்த்துக்கொள்ளத் தயார், இருக்கிற வலிக்கு டெஸ்ட் எடுக்கப் பணம் இல்லை. நல்ல ஏற்பாடு.

நார்மல் என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது வருகிற உணர்ச்சியை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். புற்றுநோய் இல்லை என்று நிம்மதி வரும். கூடவே, இனி யாரிடம் என்னவென்று சொல்வது என்று வயிறு காயும். ஒவ்வொரு டெஸ்டும் ஒரு குறிப்பிட்ட கேள்வியைத்தான் கேட்கிறது. ஸ்கேன் கேட்பது, கல் இருக்கிறதா. கேமரா கேட்பது, புண் இருக்கிறதா. இல்லை என்று பதில் வந்தால் கல்லும் புண்ணும் இல்லை என்றுதான் பொருள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா, டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லாத டாக்டர் குறைவு. கல் இல்லை என்பதிலிருந்து வலி இல்லை என்பதற்கு எந்தப் படியில் வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். விடைத்தாளாக இருந்தால் மார்க் போட மாட்டேன்.

மனக்கவலை வலியைக் கூட்டாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் எனக்கு நிச்சயம் அதிகமாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தமும்தான் அன்றைக்கு ஏறும். அதற்காக பிபி என்பது மனப்பிரமை என்று யாரும் சொல்வதில்லையே.

பித்தப்பைக் கதை கொஞ்சம் நீளம். கல் இல்லாவிட்டாலும் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் வலி வரலாம் என்று ஓர் அறுவை மருத்துவர் சொன்னார். அதற்கு ஹைடா ஸ்கேன். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். கல்லீரல் அதை எடுத்துப் பித்தத்தோடு பித்தப்பைக்கு அனுப்பும். அதன் பிறகு பித்தப்பையைச் சுருங்க வைத்து, எவ்வளவு காலியாகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். எனக்குக் கொழுப்பான பால் கொடுத்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவாக வைத்திருக்கும் கோடு. எனக்கு 33. டெஸ்ட் நடந்த நேரம் முழுக்க என் வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"எடுத்துடலாம் டீச்சர். லேப்ராஸ்கோபிதான், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

"எடுத்தா வலி போயிடுமா சார்?"

"பெரும்பாலும் போயிடும்."

இந்த 'பெரும்பாலும்' எத்தனை சதவீதம் என்பதை நான் விடுவதாக இல்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில், பித்தப்பையில் கல்லும் வயிற்று வலியும் உள்ள 1,067 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கப்படி முடிவெடுத்தார்கள். இன்னொரு குழுவில், பித்தக்கல் வலிக்கு உரிய ஐந்து அடையாளங்கள் பொருந்தினால்தான் அறுவை. முதல் குழுவில் 75 சதவீதம் பேருக்கும் இரண்டாவதில் 68 சதவீதம் பேருக்கும் அறுவை நடந்தது. 12 மாதம் கழித்து வலியே இல்லாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 60 சதவீதம், இரண்டாவதில் 56. எந்தக் குழுவை எடுத்தாலும் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிச்சம். இத்தனைக்கும் இவர்களுக்கெல்லாம் படத்தில் கல் தெரிந்தது. என்னிடம் கல்லே இல்லை.

அடுத்து படித்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பித்தப்பையை எடுத்த பிறகும் வலிக்கிறவர்களுக்கு, பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தில் இருக்கும் ஒடி (Oddi) என்னும் சுருக்குத்தசை மேல் சந்தேகம் வரும். எண்டோஸ்கோப்பி வழியாகப் போய் அதை வெட்டிவிடுவார்கள். பல வருஷம் நடந்த சிகிச்சை அது. அமெரிக்காவில் 214 பேரைச் சேர்த்து, சிலருக்கு உண்மையிலேயே வெட்டினார்கள், சிலருக்குக் குழாயை விட்டுவிட்டு வெட்டாமல் வந்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2014-ல் முடிவு வெளியானது. வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்குப் பலன். வெட்டாதவர்களில் 37 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பித்தப்பை அறுவையே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒருவருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து துடிக்க வைக்கும், மூன்று மணிக்கு விட்டுவிடும், ஸ்கேனில் கல். எடுத்தார்கள். அவர் இப்போது நிம்மதியாகப் பிரியாணி சாப்பிடுகிறார். கல்லும் இருந்து, வலியும் அலை மாதிரி வந்து போகிறது என்றால் கணக்கு வேறு. எனக்கு இரண்டும் இல்லை. அந்த அறுவை மருத்துவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யோசிச்சிட்டு வாங்க, அது எங்கயும் ஓடிடாது" என்றார்.

இனி, குறித்துக்கொண்டார் என்று சொன்னேனே, அந்த டாக்டர். வயதானவர், ஸ்ரீரங்கத்தில் சின்ன கிளினிக், சுவரில் பழைய பெருமாள் காலண்டர். என் ஃபைலைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, "எங்க வலிக்குது, காட்டுங்கம்மா" என்றார். ஒரு விரலால் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளுறுப்பில் வலி இருக்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை வைத்துப் பொதுவாகத் தடவிக் காட்டுவார்களாம். ஒற்றை விரலால் காட்டுகிறவர்களுக்கு வயிற்றுச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

படுக்கச் சொன்னார். அந்த இடத்தை அழுத்திக்கொண்டே, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வலியில் கத்திவிட்டேன். "சரி, சரி, விட்டுட்டேன்" என்றார், ஆனால் அவர் முகத்தில் ஒரு திருப்தி. தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை இறுகும். வலி உள்ளே இருந்தால், இறுகிய தசை கவசமாக நின்று வலியைக் குறைக்கும். சுவரிலேயே இருந்தால் கூடும். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-ல் எழுதி வைத்த சோதனை. ஒரு கட்டிலும் இரண்டு விரலும் போதும். அத்தனை மெஷினில் படுத்தெழுந்த எனக்கு அதுவரை இதை ஒருவரும் செய்து பார்க்கவில்லை. எல்லோரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், காம்பவுண்டுச் சுவரைப் பார்க்கவில்லை.

சுவரில் என்ன இருக்க முடியும்? அவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி விலா இடுக்கு வழியாகச் சுற்றி வரும் நரம்புகள், வயிற்றின் முன்பக்கத் தசையின் ஓரத்தில் செங்குத்தாகத் திரும்பி மேலே தோலுக்கு வருகின்றன. அந்தத் திருப்பத்தில் நெருக்கப்பட்டால் நாணயம் அளவுக்கு வலி வரும். இன்னொன்று, எட்டு, ஒன்பது, பத்தாம் விலா எலும்புகள் நெஞ்செலும்பில் நேராகப் போய்ச் சேர்வதில்லை. குருத்தெலும்பால் ஒன்றோடொன்று தொற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் ஓர் எலும்பு நழுவி மேலே உள்ளதில் உரசி, நடுவில் ஓடும் நரம்பைக் கடிக்கும். 1919-லேயே எழுதப்பட்ட விஷயம். அசையாமல் படுக்க வைத்து எடுக்கிற சிடியில் தெரியாது, ஏனென்றால் அது அசைந்தால்தானே நழுவும். விலா ஓரத்துக்குக் கீழே விரலைக் கொக்கி மாதிரி விட்டு முன்னால் இழுத்துப் பார்த்தார். வலித்தது. சொடக்கு விழவில்லை.

"தெரியலம்மா," என்றார். "சுவர்லதான் இருக்குன்னு நினைக்கிறேன். நரம்பா, குருத்தெலும்பான்னு என்னால உறுதியா சொல்ல முடியல. ஒவ்வொண்ணா பாக்கலாம்."

அத்தனை வருஷத்தில் தெரியவில்லை என்று எனக்குச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? கிளினிக் வாசலில் செருப்பை மாட்டும்போது எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். ஒன்றும் இல்லை என்றால் கதவு மூடிவிடுகிறது. தவறு இனி என் பக்கம். தெரியவில்லை என்றால் வலி இருப்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்று பேச முடியும். எனக்கு டாக்டர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அவர்களுக்குக் காரணம் தெரியாததால் வந்தது இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாததால் வந்தது.

அவர் ஒரு வலி நிவாரண மருத்துவரிடம் அனுப்பினார். மயக்க மருந்தியல் படித்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்த இடத்தில் லிக்னோகெய்ன் என்னும் மரத்துப்போகும் மருந்து ஊசி. இதற்கும் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு, 2013-ல்: 24 பேருக்கு மருந்து, 24 பேருக்கு வெறும் உப்புநீர். மருந்து போட்டவர்களில் 13 பேருக்குக் கேட்டது, உப்புநீரில் 4 பேருக்கு. எனக்கு அன்று சாயங்காலம் பாதி குறைந்தது. போர்டின் மேல் வரியில் எழுதிப் பார்த்தேன், முடிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள், அவர்களுக்கு விவரம் தெரியாது. சில நாளில் மெல்லத் திரும்பி வந்தது. அடுத்த ஊசி அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. பாதி குறைந்தால் பாதிக் காரணமா? நரம்பு நெருக்கம் ஒரு பங்கு, மிச்சம் வேறு ஏதோ, என்பதோடு நிற்கிறோம்.

அந்த மிச்சத்துக்கு வலி மருத்துவர் சொன்ன விளக்கம்: வலி ரொம்ப நாள் இருந்துவிட்டால் நரம்பு மண்டலமே அதற்குப் பழகி, சின்னத் தொடுதலையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பும். அடிபட்ட இடத்திலிருந்து மூளை வரை ஒரு மணியடிக்கும் கயிறு நேராகப் போகவில்லை, முதுகுத்தண்டில் கூட்டவும் குறைக்கவும் கூடிய வாசல்கள் இருக்கின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-லேயே சொன்னார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலியின் இலக்கணத்தையே திருத்தியது. திசு சேதத்தோடு வருவது மட்டுமல்ல, அப்படிப்பட்ட சேதத்தில் வருவதைப் போன்ற அனுபவமும் வலிதான். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நாள்பட்ட முதன்மை வலி என்று தனியாக ஓர் இடம் கொடுத்தது; வலியே நோய், வேறொரு நோயின் அறிகுறியாக இருந்தாக வேண்டியதில்லை. என் ஃபைலில் இருப்பது என்னவோ பழைய பட்டியலின் ஆர் 10.1. மேல் வயிற்றில் வலி, அவ்வளவுதான். எனக்கே தெரிந்ததை எனக்குத் திருப்பிச் சொல்லும் எண்.

ராத்திரி படுக்கும்போது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன் கடை முழுக்கக் கேட்கும்படி, "மேடம், இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே?" என்றான். பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் அப்பா. மனச்சோர்வுக்கு அதைப் பல மடங்கு அளவில் கொடுப்பார்கள். இந்தச் சின்ன அளவு நரம்பு வலிக்கு. ஆனால் இதைக் கடையில் நின்று பாடம் எடுக்க முடியுமா? வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், மலச்சிக்கல் வரும். முதலில் தூக்கம் சரியானது. சில வாரம் கழித்து, வலி இருந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. முன் வரிசைக்கு வருகிற நாளும் உண்டு.

ஸ்டாஃப் ரூமில் தமிழய்யாவிடம் ஒரு தடவை புலம்பினேன். "அப்பருக்கே வந்ததும்மா" என்றார். ஏழாம் நூற்றாண்டில், சமண மடத்தில் தருமசேனராக இருந்த நாவுக்கரசருக்குச் சூலை நோய், கடுமையான வயிற்று வலி. மடத்தில் செய்த வைத்தியம் எதுவும் கேட்காமல், திருவதிகையில் அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, பாடி, வலி நீங்கிற்று என்பது கதை. தெரிந்த கதைதான். ஆனால் அங்கே அவர் பாடியதாகச் சொல்லும் பாட்டில், இதற்குத் தக்க கொடுமை நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லையே என்று கேட்கிறார் இல்லையா, அந்த இடம் என்னை விடவில்லை. வலிக்கிறவர்கள் எல்லோரும் போடுகிற கணக்கு அது. ஊறுகாய் தின்றதா, காலை டிபனை விட்டதா, பிரசவத்துக்குப் பிறகு ஓய்வெடுக்காததா, யார் வயிற்றெரிச்சலையாவது கொட்டிக்கொண்டேனா? விடை வராத கணக்கை விடாமல் போட்டுக்கொண்டிருப்போம். திருவதிகைக்கும் போய் வந்தேன். எனக்குப் போகவில்லை. கோயில் அழகாக இருந்தது.

வீட்டில் அவர் முதலில் எல்லா கிளினிக்குக்கும் கூடவே வந்தார். பிறகு ஒரு கட்டத்தில், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பதும் "அதேதான்" என்று நான் சொல்வதும் இருவருக்குமே பாரமாகிவிட்டது. ஒரு நாள் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் கேட்க வேண்டாம். தாங்க முடியாத நாளில் நானே சொல்வேன், அன்று குக்கர் வைப்பதும் பால் வாங்குவதும் அவர் வேலை. இதனால் வலி ஒரு துளியும் குறையவில்லை. வீட்டில் சண்டை குறைந்தது.

டெஸ்டுகளுக்கும் ஸ்ரீரங்கத்து டாக்டரோடு ஓர் ஒப்பந்தம். காய்ச்சல், கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, மலம் கறுப்பாகப் போவது, நிற்காத வாந்தி, வலியின் குணமே மாறுவது, இதில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் போதும். யூடியூபில் ஒரு புது நோயைப் பார்த்துவிட்டு நான் போய் நிற்கும்போதெல்லாம், அவர் பொறுமையாக மறுபடி விரலால் காட்டச் சொல்லி, படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொல்கிறார்.

இப்போது என் கவலையெல்லாம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் குனிந்தே உட்கார வேண்டும், விலா ஓரம் மடிந்து நசுங்கும். போன தடவை விடுப்புக் கேட்டபோது சான்றிதழில் நோயின் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை விடுப்பு கேட்கப் போவதில்லை, மேஜை மேல் வைத்து எழுத ஒரு சாய்வுப் பலகை கொண்டுபோக அனுமதி கேட்கப் போகிறேன். அதற்கும் மருத்துவச் சான்று வேண்டுமாம். டாக்டரிடம் கேட்டதற்கு உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்: வலது மேல் வயிற்றுச் சுவரில் நாள்பட்ட வலி, காரணம் உறுதியாகவில்லை. இதை வைத்துக்கொண்டு பலகை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.